தோள் மாறும் நிச்சயமின்மை: வீட்டுக்கூரை மின்சாரத்தின் சந்தை வரலாறும் சொல் வரலாறும்

மின்சாரச் சந்தையில் மின்சாரத்தோடு வாக்குறுதியும் சேர்ந்தே விற்பனையாகிறது. நாளை மாலை ஏழு மணியிலிருந்து ஏழேகால் வரை இத்தனை யூனிட் தருவேன் என்று ஒருவர் இன்றே சொல்கிறார். மற்றொருவர் அதை நம்பி விலை பேசுகிறார். நெல்லையும் பருத்தியையும் போல மின்சாரத்தைக் கிடங்கில் குவித்து வைக்க இயலாத காலம் நெடுங்காலமாக நீடித்தது. உற்பத்தியும் நுகர்வும் கணந்தோறும் சமனாக இருந்தாக வேண்டும். எனவே சொன்ன வாக்கு தவறும்போது அந்தக் குறையை யாரோ ஒருவர் அக்கணமே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த 'யாரோ ஒருவர்' யார் என்பதே மின்சந்தை வரலாற்றின் மையக் கேள்வி என்பது என் கருத்து.

இன்று அக்கேள்வி வீட்டு மாடிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கூரையில் சூரியத் தகடுகளும் சுவரில் லித்தியம் மின்கலமும் வைத்திருக்கும் குடும்பம் தன் மிகை மின்சாரத்தைச் சந்தையில் விற்கலாம், அண்டை வீட்டாருக்கே விற்கலாம் என்ற பேச்சு கொள்கை ஆவணங்களில் வலுத்து வருகிறது. மேகம் எப்போது மறைக்கும், மாலை விலை எவ்வளவு ஏறும், வீட்டில் அன்று எத்தனை மின்விசிறிகள் சுழலும் என்ற மூன்று நிச்சயமின்மைகளையும் கணித மாதிரிகள் 'மேலாண்மை' செய்துவிடும் என்பது அப்பேச்சின் உட்கிடை. மேலாண்மை என்ற சொல் இங்கே ஒன்றை மறைக்கிறது. நிச்சயமின்மை ஒருபோதும் அழிவதில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுகிறது. இந்திய அனுபவத்தில் அது தோள் மாறிய ஒவ்வொரு முறையும் விதிகளின் மொழியும் மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. கட்டமைப்பின் நிச்சயமின்மை, வீட்டின் மின்கலம்

இந்திய நடுத்தர வர்க்க வீடுகளுக்கு மின்கலம் புதிய பொருளன்று. சூரியத் தகடு மாடி ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, படிக்கட்டின் அடியிலோ வரவேற்பறையின் மூலையிலோ ஈய-அமில மின்கலமும் அதன்மேல் இன்வெர்ட்டரும் இடம்பிடித்துவிட்டன. அது விற்பதற்காக வாங்கப்பட்ட மின்சாரமன்று. மின்சாரம் வராத நேரத்துக்காக வாங்கப்பட்ட காப்பு. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட இந்திய நகரங்களில் அந்த அனுபவம் இன்னும் பழையது.

பொருளியல் மொழியில் சொன்னால், கட்டமைப்பு தன் நிச்சயமின்மையைத் தனித்தனி வீடுகளின் மேல் இறக்கி வைத்திருந்தது. பற்றாக்குறையின் விலையை மின்வாரியம் தன் கணக்கில் எழுதவில்லை. மின்கலம் வாங்க முடிந்தவர்கள் தங்கள் பணத்தால் எழுதினார்கள், முடியாதவர்கள் இருட்டால் எழுதினார்கள். ஈய-அமில மின்கலம் மின்னேற்றத்திலும் வெளியேற்றத்திலும் கணிசமான ஆற்றலை இழப்பது. பற்றாக்குறை உள்ள நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் வரும் நேரத்தில் அதைக் கூடுதலாக இழுத்து, ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, மீதியை மின்வெட்டின்போது பயன்படுத்தின. தனி வீட்டின் நிச்சயமின்மை குறைந்தது. கட்டமைப்பின் பற்றாக்குறை அதனாலேயே சற்றுக் கூடியது.

2. அதிர்வெண் என்னும் விலைப்பலகை

இதே காலத்தில் மாநிலங்களுக்கு இடையிலான மின்கட்டமைப்பில் வேறொரு சோதனை நடந்தது. இந்தியக் கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். தேவை மிகும்போது அது தாழும்; உற்பத்தி மிகும்போது உயரும். 1990-களில் மாலையில் அது ஆபத்தான அளவுக்குத் தாழ்வதும் நள்ளிரவில் வரம்பு மீறி உயர்வதும் வழக்கமாக இருந்தன. மாநில மின்வாரியங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தாலும் உற்பத்தி நிலையங்கள் தேவையில்லாத நேரத்தில் கூடுதலாகத் தள்ளினாலும் உடனடி விளைவு எதுவும் இல்லை.

இதற்கு மாற்றாக வந்ததே கிடைப்புநிலைக் கட்டண முறை. பவர்கிரிட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பானு பூஷண் இதன் முதன்மைச் சிந்தனையாளர்களுள் ஒருவர். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000-இல் இதற்கான ஆணையை வெளியிட்டது. 2002 ஜூலையில் மேற்கு மண்டலத்தில் தொடங்கி, 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு வந்து, அந்த ஆண்டுக்குள் எல்லா மண்டலங்களிலும் நடைமுறையானது. ஒரு நாள் 96 கால்மணிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கூறுக்கும் முந்தைய நாளே அட்டவணை தரவேண்டும். அட்டவணைக்கும் உண்மைக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ஒரு விலை. அந்த விலையை அதிர்வெண்ணே தீர்மானித்தது. தொடக்க விதிகளின்படி 50.5 ஹெர்ட்ஸில் அது சுழி. அதிர்வெண் இறங்க இறங்க விலை ஏறும். நாட்டின் எந்த மூலையிலும் ஒரு கருவியைச் சுவர் இணைப்பில் செருகினால் அப்போதைய விலை தெரிந்துவிடும். சந்தை ஏலமோ கணினி வலைப்பின்னலோ இல்லாமலே நாடு தழுவிய ஒரு விலைக்குறி பிறந்தது.

சொல்லை ஆராய்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு விதிகள் தந்த பெயர் 'அட்டவணையிடப்படாத பரிமாற்றம்'. இதில் குற்றத்தின் சாயல் இல்லை. பரிமாற்றம் என்பது இருவருக்கிடையே நடப்பது. ஒருவர் கூடுதலாக எடுத்தார், மற்றொருவர் கூடுதலாகக் கொடுத்தார், எடுத்தவர் விலை தந்தார். நிச்சயமின்மை என்பது எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுச்சரக்கு என்ற பார்வை இச்சொல்லில் இருக்கிறது. மாநிலங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. பற்றாக்குறை மாநிலங்கள் அதை ஒரு வாங்குமிடமாகவே பயன்படுத்தின.

2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் அந்தப் பார்வை நொறுங்கியது. முதல் நாள் வட மண்டலமும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் இருண்டன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. பரிமாற்றத் தடங்களின் பலவீனமும் பாதுகாப்புக் கருவிகளின் செயற்பாடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன; அவற்றோடு, சில மாநிலங்கள் அட்டவணைக்கு மேல் இழுத்ததும் முக்கியமான காரணமாகப் பேசப்பட்டது.

2014 பிப்ரவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் தலைப்பில் பரிமாற்றம் இல்லை. 'பிறழ்வுத் தீர்வு முறை' இருந்தது. விலக்கப்படாத அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையான குறுகிய பட்டையானது. ஒரு மாநிலம் எவ்வளவு கூடுதலாக எடுக்கலாம் என்பதற்கு அட்டவணையில் 12 விழுக்காடு அல்லது 150 மெகாவாட், இவற்றில் எது குறைவோ அது என்ற உச்சவரம்பும் வந்தது. அளக்கப்பட்ட பொருள் ஒன்றே: சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையிலான தொலைவு. பெயர் மட்டும் பரிமாற்றத்திலிருந்து பிறழ்வுக்கு நகர்ந்தது. பரிமாற்றத்துக்கு இரு தரப்பு உண்டு. பிறழ்வுக்குப் பிறழ்ந்தவர் மட்டுமே உண்டு. கூட்டுப்பொறுப்பாக இருந்த நிச்சயமின்மை தனிப்பொறுப்பானதை அந்த ஒரு சொல்மாற்றம் காட்டிவிடுகிறது.

பெரிய காற்றாலைகளும் சூரிய நிலையங்களும் அடுத்ததாக இந்த வலைக்குள் வந்தன. வானிலையை நம்பியிருப்பதால் 'உறுதியற்ற மின்சாரம்' என்று தனி வரிசையில் வைக்கப்பட்டிருந்த அவற்றுக்கு, 2015-இல் முன்கணிப்பும் அட்டவணையும் கட்டாயமாயின. கிடைக்கும் திறனின் அடிப்படையில் 15 விழுக்காடு வரையிலான பிழைக்குத் தண்டமில்லை. அதற்கு மேல் படிப்படியான கட்டணம். பின்வந்த விதிகளில் அந்தச் சலுகை மேலும் இறுகியது. இதன் விளைவாக முன்கணிப்பே ஒரு தொழிலாயிற்று. செயற்கைக்கோள் படங்களையும் வானிலை மாதிரிகளையும் கொண்டு அடுத்த கால்மணிகளின் உற்பத்தியைச் சொல்லும் நிறுவனங்கள் தோன்றின. நூறு மெகாவாட் நிலையத்துக்கு அந்தச் செலவைத் தாங்கும் வலிமை உண்டு. மூன்று கிலோவாட் கூரைக்கு?

3. நிகரம்: வீட்டின் நிச்சயமின்மை, கட்டமைப்பின் தோள்

வீட்டுக்கூரைகளுக்கு வரலாறு வேறு வழியைத் திறந்திருந்தது. அமெரிக்காவில் 1970-களின் இறுதியில், சூரியத் தகடு பொருத்திய கட்டடத்தின் மீட்டர் பின்னோக்கிச் சுழல்வதை அப்படியே ஏற்றுக்கொண்ட நடைமுறையிலிருந்து நெட் மீட்டரிங் எனப்படும் நிகர அளவீடு பிறந்தது. மினசோட்டா மாநிலம் 1983-இல் அதைச் சட்டமாக்கியது. ஜெர்மனி வேறு வழியில் சென்றது. 1991 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், அதன் தொடர்ச்சியாக 2000-இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும், கட்டமைப்புக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலையை முன்பே உறுதிசெய்தன. பின்னது 20 ஆண்டுகளுக்கு அந்த உறுதியைத் தந்தது.

இரு வழிகளும் வீட்டின் நிச்சயமின்மையைக் கட்டமைப்பின் தோளுக்கு மாற்றின. மாற்றிய பகுதி வேறு. ஜெர்மானிய முறை விலையின் நிச்சயமின்மையை நீக்கியது. நிகர அளவீடு காலத்தின் நிச்சயமின்மையை நீக்கியது. நண்பகலில் கொடுத்த ஒரு யூனிட்டும் இரவு எட்டு மணிக்கு எடுத்த ஒரு யூனிட்டும் சமம் என்று அது கருதியது. மேகம் எப்போது வந்தாலும் வீட்டாருக்குக் கவலையில்லை. கணக்கு மாத இறுதியிலோ ஆண்டு இறுதியிலோதான். முன்கணிப்பு, அட்டவணை, பிறழ்வு என்ற சொற்கள் எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

இந்தியா பெரும்பாலும் நிகர அளவீட்டையே தேர்ந்தது. காற்றாலைகளின் மூலம் இதற்கு நெருக்கமான கருத்து ஒன்று இங்கே ஏற்கெனவே பழகியிருந்தது. தமிழ்நாட்டில் காற்று வீசும் மாதங்களின் மிகை மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதி நீண்ட காலம் இருந்தது. அதற்குப் பெயர் 'பேங்கிங்'. வங்கியில் போட்ட பணம் போல மின்சாரம் அங்கே காத்திருக்கிறது என்ற எண்ணத்தை அச்சொல் தருகிறது. உண்மையில் எதுவும் காத்திருப்பதில்லை. அன்று வந்த மின்சாரத்தை அன்றே வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள். பின்னாளில் திரும்பத் தருவதற்கு வாரியம் புதிதாக வாங்கவோ உற்பத்தி செய்யவோ வேண்டும். வங்கி என்ற உருவகம் கட்டமைப்பு செய்த வேலையைக் கண்ணுக்குப் புலப்படாததாக்கியது.

2010-இல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கத்தின் இலக்கு 2015-இல் ஒரு இலட்சம் மெகாவாட்டாக உயர்த்தப்பட்டபோது, அதில் 40,000 மெகாவாட் கூரைகளிலிருந்து வரவேண்டும் என்று வகுக்கப்பட்டது. 2022 என்ற கெடு வந்தபோது பெரும் சூரியப் பூங்காக்கள் வளர்ந்திருந்தன. கூரைகள் மிகவும் பின்தங்கியிருந்தன. தயங்கியவர்களுள் பகிர்மான நிறுவனங்களும் உண்டு. நல்ல கட்டணம் செலுத்தும் நுகர்வோர் பகலில் வாங்குவதை நிறுத்திவிட்டு, விலை மிகுந்த மாலையில் மட்டும் திரும்பி வருவது அவற்றின் வருவாயைத் தாக்கியது. 2020 டிசம்பரில் வந்த மின்நுகர்வோர் உரிமை விதிகள் நிகர அளவீட்டை 10 கிலோவாட்டுக்குள் நிறுத்தியதும், எதிர்ப்புக்குப் பின் 2021-இல் அவ்வரம்பு 500 கிலோவாட்டாக உயர்ந்ததும் இந்த இழுபறியின் தடயங்கள். 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ஒரு கோடி வீடுகளை நோக்கி அறிவிக்கப்பட்ட பிரதமர் சூரிய வீடு திட்டம், மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தந்து கூரைகளை வேகமாக நிரப்பத் தொடங்கியது.

இங்கே ஒரு தொழில்நுட்ப முரணையும் பதிவு செய்ய வேண்டும். கட்டமைப்போடு இணைந்த வழக்கமான சூரிய இன்வெர்ட்டர், மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. வெயில் எரிக்கும் நண்பகலில், கூரை நிறையத் தகடுகள் இருந்தும் வீட்டில் விசிறி நின்றுபோகலாம். அதனால் மாடியில் புதிய தகடுகளும் படிக்கட்டின் அடியில் பழைய மின்கலமும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. வீட்டின் நிச்சயமின்மையைக் கட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. கட்டமைப்பின் நிச்சயமின்மையை வீடு இன்னும் முழுவதும் இறக்கி வைக்கவில்லை.

4. மீண்டும் வீட்டுக்கு

கூரைகள் சிலவாக இருக்கும்வரை நிகர அளவீடு ஒரு சிறு சலுகை. பலவாகும்போது அது பெரும் நிதிச்சுமை. கலிபோர்னியாவின் கட்டமைப்பு இயக்குநர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு வரைபடத்தில் நண்பகலில் தேவை பள்ளமாக இறங்கி, மாலையில் செங்குத்தாக ஏறியது. அதன் வடிவத்தைக் கண்டு 'வாத்து வளைவு' என்றார்கள். ஹவாய் 2015-இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு நிகர அளவீட்டை மூடியது. கலிபோர்னியா 2023 ஏப்ரலில், நண்பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் சமம் என்ற கோட்பாட்டைப் புதிய கூரைகளுக்குக் கைவிட்டது.

இந்தியாவும் அதே திசையில் மெல்ல நகர்கிறது. நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் வந்த திருத்தம், நேரத்துக்கேற்ற கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. சூரிய ஒளி மிகும் எட்டு மணி நேரத்தில் கட்டணம் இயல்பைவிட 20 விழுக்காடேனும் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீட்டு நுகர்வோருக்கு 10 விழுக்காடேனும் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நேரத்துக்கு விலை வந்துவிட்டது. அதாவது காலத்தின் நிச்சயமின்மை வீட்டு மீட்டருக்குள் மீண்டும் நுழைந்துவிட்டது.

இந்த நகர்வோடு ஒரு புதுச்சொல்லும் வந்தது. ஆல்வின் டாஃப்ளர் 1980-இல் எழுதிய மூன்றாவது அலை என்ற நூலில் புனைந்த 'புரோசூமர்' என்ற சொல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்திய மின்விதிகளின் வரையறைப் பகுதியில் அமர்ந்தது. தமிழில் இதை நுகர்-உற்பத்தியாளர் எனலாம். நுகர்வோர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு: தடையில்லா வழங்கல், நியாயக் கட்டணம், குறைதீர் மன்றம். உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குக் கடமை உண்டு: முன்கணிப்பு, அட்டவணை, பிறழ்வுக் கட்டணம். இரண்டையும் ஒட்டவைத்த கூட்டுச்சொல்லில் எது தலைச்சொல், எது அடை? இலக்கணக் கேள்வி போலத் தோன்றும் இதற்கு விடை சொல்லாமல் வீட்டைச் சந்தைக்கு அனுப்ப முடியாது.

5. சந்தையில் ஒரு வீடு

இந்தியாவின் முதல் மின்சந்தையான இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் 2008 ஜூனில் தொடங்கியது. முதலில் அடுத்த நாளுக்கான ஏலம் மட்டுமே. 2020 ஜூன் 1 முதல் அரைமணிக்கொரு முறை ஏலம் நடக்கும் நிகழ்நேரச் சந்தையும் வந்தது. நிச்சயமின்மை விலையில் எவ்வளவு தீவிரமாக வெளிப்படும் என்பதை இச்சந்தையின் சில நாள்கள் காட்டும். 2022 மார்ச்சில் யூனிட் விலை 20 ரூபாயைத் தொட்டது. ஆணையம் தலையிட்டு ஏப்ரலில் 12 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. மறு ஆண்டு அது 10 ரூபாயானது. மறுமுனையில், 2025 மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நிகழ்நேர விலை சுழியை ஒட்டி விழுந்தது.

வீடு இச்சந்தையில் நேரடியாக நுழைய முடியாது. திறந்த அணுகலுக்கான குறைந்தபட்ச அளவுகள் வீட்டுக்கூரையைவிட மிகப் பெரியவை. எனவே இரண்டு இடைவழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, பல வீடுகளைத் திரட்டி ஒரே நிலையம் போலச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் திரட்டுநர். மற்றொன்று, வீட்டுக்கு வீடு விற்பனை. 2020-இன் இறுதியில் லக்னோவில் உத்தரப் பிரதேச மின்கழகமும் இந்திய ஸ்மார்ட் கிரிட் மன்றமும் ஆஸ்திரேலியாவின் பவர் லெட்ஜர் நிறுவனமும் இணைந்து, அரசுக் கட்டடங்களிலும் குடியிருப்புகளிலும் இதைச் சோதித்தன. பரிவர்த்தனைகள் பிளாக்செயின் பதிவேட்டில் ஏறின. டெல்லியிலும் பகிர்மான நிறுவனங்கள் இத்தகைய முன்னோட்டங்களை நடத்தின. யார் யாருக்கு விற்றார் என்பதை அப்பதிவேடு பிழையின்றிச் சொல்லும். விற்பதாகச் சொன்னவரின் கூரையை மேகம் மறைத்தால் வாங்குபவரின் விளக்கை யார் எரிப்பது என்பதைப் பதிவேடு தீர்க்காது. அந்த வேலை பகிர்மான நிறுவனத்திடமே எஞ்சுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும்; எண்கள் என் அனுமானம். ஒரு குடும்பம் ஐந்து யூனிட் கொள்ளும் மின்கலத்தை 1,50,000 ரூபாய்க்கு வாங்குகிறது. அது 6,000 முறை நிரம்பி வடியும் எனில் வாழ்நாளில் 30,000 யூனிட் தரும்; தேய்மானம் மட்டும் யூனிட்டுக்கு 5 ரூபாய். பகலில் கட்டமைப்புக்குக் கொடுத்தால் யூனிட்டுக்கு 3 ரூபாய் கிடைத்திருக்கும். மின்கலத்தில் போட்டதில் 90 விழுக்காடே திரும்பி வரும் என்பதால், மாலையில் தரும் ஒரு யூனிட்டுக்காகப் பகலில் இழந்தது 3 ரூபாய் 33 காசு. ஆக அடக்கவிலை 8 ரூபாய் 33 காசு. சந்தை உச்சவரம்பான 10 ரூபாய்க்கே விற்றாலும் ஐந்து யூனிட்டுக்கு மொத்த மிச்சம் எட்டு ரூபாய் சொச்சம். ஒரு நாள் பிற்பகலில் மேகம் மூடி, ஐந்துக்குப் பதில் மூன்று யூனிட்டே தர முடிந்தது என்று கொள்வோம். குறைந்த இரண்டுக்கும் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு பிறழ்வுக் கட்டணம் என்றால் 50 ரூபாய் வரவில் 30 போய் 20 மிஞ்சும். கொடுத்த மூன்று யூனிட்டின் அடக்கமோ 25. ஒரு மேகம் இலாபத்தை நட்டமாக்கிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விலை உச்சத்தைத் தொடும் மாலை எது? ஊரெங்கும் புழுக்கம் மிகுந்து எல்லா வீடுகளிலும் குளிரூட்டி ஓடும் மாலை. விற்கும் வீட்டுக்கும் அன்றுதான் மின்சாரம் அதிகம் தேவை. விலையும் சொந்தத் தேவையும் சேர்ந்தே ஏறுகின்றன. இந்த மூன்று நிச்சயமின்மைகளையும் தனித்தனியே கணித்துப் பெருக்கும் மாதிரி, உண்மையான இடரைக் குறைத்தே காட்டும்.

6. கருவிகளுக்கு வயது அதிகம்

இடர் மேலாண்மைக் கணிதம் கூரைகளுக்காகப் பிறந்ததன்று. பிரெஞ்சு நீர்மின் பொறியாளர் பியர் மாஸே 1946-இல் இருப்புகளையும் எதிர்காலத்தை ஒழுங்குபடுத்துவதையும் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அணையிலுள்ள நீரை இன்று திறப்பதா, நாளைக்கு வைப்பதா? மழை எப்போது என்று தெரியாத நிலையில், வைத்திருக்கும் நீரின் மதிப்பு வருங்காலத்தில் அது தவிர்க்கக்கூடிய செலவின் எதிர்பார்ப்பு மதிப்புக்குச் சமம் என்பது அச்சிந்தனையின் கரு. ஏரி நீரை எந்த மடையில் எப்போது திறப்பது என்று தீர்மானித்த நம் ஊர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. சுவரில் தொங்கும் லித்தியம் மின்கலத்தை இயக்கும் மென்பொருளும் அடிப்படையில் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஜார்ஜ் டான்ட்சிக் 1955-இல் நிச்சயமின்மையின் கீழான நேரியல் திட்டமிடலை வகுத்தார். ராக்கஃபெல்லரும் உர்யசேவும் 2000-இல் தந்த நிபந்தனை இடர்மதிப்பு முறை, சராசரி இலாபத்தோடு மிக மோசமான சில நாள்களின் சராசரி நட்டத்தையும் கணக்கில் கொள்ள வழி செய்தது.

இக்கருவிகளுக்கு முன்பே, காப்பீட்டுக்காரர்கள் அறிந்த ஓர் உண்மை இங்கே எல்லாவற்றையும்விட வலிமையானது. ஒரு வீட்டின் நுகர்வை முன்கணிப்பது மிகக் கடினம். பதினாயிரம் வீடுகளின் கூட்டு நுகர்வை முன்கணிப்பது எளிது. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனில், நூறு வீடுகளைச் சேர்த்தால் ஒப்பளவுப் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். பதினாயிரம் சேர்த்தால் நூறில் ஒன்றாகும். நுகர்வுப் பிழைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. மேகம் அப்படியன்று, ஒரு நகரத்தின் எல்லாக் கூரைகளையும் ஒருசேர மறைக்கும். எனவே திரட்டல் ஒரே தெருவிலோ ஒரே ஊரிலோ நின்றுவிட்டால் பயன் குறைவு. பரந்த நிலப்பரப்பைத் தழுவ வேண்டும். அண்டை வீட்டாருக்கிடையிலான விற்பனை, இந்த நோக்கில், நிச்சயமின்மையைப் பகிர்ந்துகொள்ள மிகவும் பொருந்தாத அளவில் அமைந்திருக்கிறது. இருவர் கூரையும் ஒரே மேகத்தின் கீழ் இருக்கின்றன.

வேறு விதமாகச் சொன்னால், பரந்த நிலத்தின் நிச்சயமின்மையைத் திரட்டிக் குறைக்கும் நிறுவனம் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அதன் பெயர் மின்கட்டமைப்பு.

7. சுமையும் தோளும்

சுமையைத் தாங்க இயலாத தோளுக்கு மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு டெக்சாஸ் சான்று. அங்கே ஒரு சில்லறை நிறுவனம் மொத்தச் சந்தை விலையை அப்படியே வீடுகளுக்குக் கடத்தியது. சாதாரண நாள்களில் அது மலிவு. 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் மொத்த விலை மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. சில குடும்பங்களுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம் வந்தது. அதே ஆண்டு அம்மாநிலம் வீடுகளுக்கு அத்தகைய திட்டங்களைச் சட்டத்தால் தடைசெய்தது. சுமை மறுபடியும் தோள் மாறியது. இடையில் நசுங்கியவர்கள் நசுங்கினார்கள்.

நிகர அளவீட்டையே காலமெல்லாம் தொடர வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவன்று. அதன் செலவு எங்கும் ஆவியாகிவிடவில்லை. கூரையில்லாத வாடகைக்காரர்களின் கட்டணத்திலும், பகிர்மான நிறுவனங்களின் கடனிலும் அது சேர்ந்துகொண்டே இருக்கிறது. டெல்லி 2019-இல் கொண்டுவந்த மெய்நிகர் நிகர அளவீடு, வேறோரிடத்துத் தகட்டின் பங்கைத் தன் கட்டணத்தில் கழித்துக்கொள்ள வழிசெய்து, கூரையற்றவர்களையும் உள்ளே அழைக்கும் ஒரு முயற்சி. அதுவும் நிச்சயமின்மையைக் கட்டமைப்பின் தோளில்தான் வைக்கிறது, பயனையேனும் அகலப்படுத்துகிறது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒரு வரிசைமுறையை. பிறழ்வுக்கான பொறுப்பு, முன்கணிக்கவும் திரட்டவும் வல்லவரிடம் முதலில் நிற்க வேண்டும். அதாவது திரட்டுநரிடமும் பகிர்மான நிறுவனத்திடமும். வீட்டுக்கு வரும் விலைக்குறியில் ஏற்ற இறக்கம் இருக்கலாம். மேலும் கீழும் வரம்பு இருக்க வேண்டும். தன் மின்கலத்தில் ஒரு பங்கை மின்வெட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும் உரிமையும், புழுக்கமான ஒரு மாலையில் விற்க மறுக்கும் உரிமையும் தண்டமின்றி வீட்டுக்கு இருக்க வேண்டும். சந்தையில் கலக்காமல் பழைய நுகர்வோராகவே தொடர்வதும் முழு உரிமையாக நிலைக்க வேண்டும். நுகர்-உற்பத்தியாளர் என்ற கூட்டுச்சொல்லில் நுகர்வோரே தலைச்சொல்லாக இருக்க வேண்டும் என்று இதைச் சுருக்கலாம்.

2002-இன் விதிகள் சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையிலான தொலைவைப் பரிமாற்றம் என்றன. 2014-இன் விதிகள் பிறழ்வு என்றன. வீடுகளுக்கான சந்தை விதிகள் மாநிலந்தோறும் இப்போதுதான் எழுதப்பட்டு வருகின்றன. மேகம் மறைத்ததால் குறைந்த இரண்டு யூனிட்டுக்கு அவை என்ன பெயர் சூட்டப்போகின்றன என்பதைப் பொருளியலாளர்களோடு மொழி ஆய்வாளர்களும் கவனிக்க வேண்டும். வரைவு விதிகள் கருத்துக்காக வெளியிடப்படும்போது, கட்டண அட்டவணைக்குப் போகும் முன் வரையறைப் பகுதியைப் படியுங்கள். சுமை யாருடைய தோளுக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.